திரி போட்டு எடுத்த தண்ணீர்

ஆவணி மாதத்தின் மூன்றாவது செவ்வாய்க்கிழமை காலை, ஏழே முக்கால் மணிக்கு, பனியன் கம்பெனி வேன்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு கரை ரோட்டில் போய்க்கொண்டிருந்த நேரத்தில், எங்கள் ஊர் ஆயிக்குளத்துத் தண்ணீர் அசைவதை நிறுத்திக்கொண்டது. காற்று அடித்துக்கொண்டுதான் இருந்தது. கரையிலிருந்த வேலமரங்கள் ஆடின, வேன் ஜன்னலில் துப்பட்டாக்கள் பறந்தன, டீக்கடை வாசலில் தொங்கிய சிப்ஸ் பாக்கெட் சரம் சடசடத்தது, ஆனால் அத்தனை ஏக்கர் தண்ணீரில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

நேரம் இவ்வளவு சரியாகத் தெரிவதற்குக் காரணம் எங்கள் வீதி சரசக்கா. வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அவர், தண்ணீருக்குள் இன்னொரு வேன் தலைகீழாக, நெளியாமல் உடையாமல் கூடவே ஓடி வருவதையும், அதன் ஜன்னலில் தன் முகம் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் தெரிவதையும் பார்த்துவிட்டு, எட்டு மணிக்குள் கார்டு தேய்க்க வேண்டுமே என்ற பழக்கத்தில் உடனே கைக்கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டார்.

"இருவது வருசமா இந்த ரோட்டுல போறேன், இன்னிக்குத்தான் கொளத்துல என்ற மூஞ்சி தெரிஞ்சுது. அதுவும் பவுடர் திட்டுத்திட்டா இருந்துது" என்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவர் சொன்னதுதான் இந்த விஷயத்தைப் பற்றி ஊரில் பேசப்பட்ட முதல் பேச்சு.

முதல் வாரம் ஊரே கரையில் நின்று பார்த்தது. ஆயியம்மன் கோயில் பூசாரி படியில் நின்று கற்பூரம் காட்டினார். சுடர் ஆடியது, தண்ணீருக்குள் தெரிந்த சுடரும் ஆடியது, தண்ணீர் ஆடவில்லை. நகரத்துக் கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து ஏதோ கருவியை வைத்து மூன்று நாள் குறிப்பெடுத்து, மெஸ்ஸில் கொள்ளுப்பருப்பு சாப்பாடு நன்றாக இருப்பதாகச் சொல்லி, கடிதம் எழுதுகிறேன் என்று போனார், எழுதவில்லை. இரண்டாம் வாரம் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். ஏன் நின்றது என்று யாரும் பெரிதாகக் கேட்டுக்கொள்ளவில்லை. எருமை மேய்க்கும் குப்புராசு அண்ணன் சொன்ன காரணமே ஊருக்குப் போதுமானதாக இருந்தது. "அலுத்துப்போயி உக்காந்துக்கிச்சு. இருவத்தஞ்சு வருசம் சாயத்தண்ணி குடிச்சா நீயுந்தான் உக்காந்துக்குவ."

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஊரைச் சுற்றிச் சாயப்பட்டறைகள் ஓடிய காலத்தில், மழை பெய்யும்போதெல்லாம் தொட்டி வால்வைத் திறந்து கழிவை வாய்க்காலில் விடுவார்கள், வாய்க்கால் குளத்தில் சேரும், வெளிநாட்டுக்காரர்கள் அந்த வருடம் எந்த நிறத்தில் சட்டை போட ஆசைப்பட்டார்களோ அந்த நிறத்தில் எங்கள் குளம் இருக்கும். ஒன்பது வருடத்துக்கு முன் கோர்ட் உத்தரவில் பட்டறைகளை மூடினார்கள். அதற்குப் பிறகு வந்தது வெறும் மழைத்தண்ணீர்தான், ஆனாலும் கொஞ்சம் காற்றடித்தால் போதும், குளம் அடியிலிருந்து கலங்கி ஆறிப்போன காப்பி நிறத்துக்கு வந்துவிடும், மீன்கள் ஓரமாக வந்து வாயைத் திறந்து திறந்து மூடும்.

இப்போது தண்ணீர் நின்றதும் கலங்கல் ஒவ்வொரு நாளும் ஒரு விரற்கடை கீழே இறங்கியது. புரட்டாசி முடிவதற்குள் அடித்தரை தெரிந்தது. பழைய வாய்க்கால் வந்து சேரும் இடத்தில் சேறு பெரிய திட்டாகக் குவிந்திருந்தது, திட்டின் பக்கவாட்டில் நிறங்கள், மடித்து அடுக்கிய துணிக்கட்டு போல, ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறையில் வேலை செய்த ஆட்கள் குடும்பத்தோடு வந்து கரையில் உட்கார்ந்து அதைப் படித்தார்கள். அந்த ஆரஞ்சுதான் சரசக்கா கல்யாணமான வருடம். அந்த மெரூனில்தான் நடராஜா பட்டறையில் பாய்லர் வெடித்தது. கறுப்பு மட்டும் மூன்று இடத்தில் இருந்தது, கறுப்புக்கு எப்போதும் ஆர்டர் உண்டு. யாரும் விஷம் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. கலர் என்றுதான் சொன்னார்கள்.

என் அம்மா துளசிமணி ஒவ்வொரு ஞாயிறும் போய்ப் பார்த்தது மேலிருந்து நாலாவதாகத் தெரிந்த நீலத்தை. "அது உங்கப்பா தொறந்துவிட்டது" என்பாள். பட்டறையில் அப்பாவின் வேலை அதுதான், மழை வந்தால் வால்வைத் திறப்பது. அந்த வருடம் முழுக்க முழங்கை வரை நீலமாக வந்து அவர் சோறு சாப்பிட்டது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன் சிறுநீரகம் கெட்டு இறந்தார். சுடுகாட்டுத் தகரக் கொட்டகைக்குள் எரிந்து எல்லாம் போய்விட்டது, அம்மா போய்ப் பார்க்க வேறு இடம் எதுவும் இல்லை.

குளம் எப்போதும் அசையாது என்று நாங்கள் நினைத்தது தவறு என்பதைக் குப்புராசு அண்ணனின் எருமை காட்டியது. ஐப்பசியில் ஒரு நாள் உச்சி வெயிலில் அது கயிற்றை அறுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி, வழக்கம்போலப் படுத்துப் புரண்டது. அது நடந்த வழியெல்லாம் அடியிலிருந்து நிறங்கள் எழுந்தன. சிவப்பு, பிறகு ஊதா, பிறகு பெயர் சொல்ல முடியாத ஒரு பச்சை, ரிப்பன் போல நீண்டு, தண்ணீருக்குள் முறுக்கிக்கொண்டு நின்றன. அந்த ரிப்பனுக்குள் மாட்டிய மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. ரிப்பனுக்கு ஒரு முழம் தள்ளி இருந்த மீன்கள் ஒன்றும் தெரியாததுபோல நீந்திக்கொண்டிருந்தன. நாலைந்து நாளில் அதுவும் அடியில் படிந்து குளம் பழையபடி தெளிந்தது. எருமைக்குக் குளம்பு இளகி, வாயில் நுரை தள்ளி, ஒரு மாதத்தில் செத்துப்போனது.

அதன் பிறகு ஊர் தானாகவே அடங்கிப்போனது. வாத்து வளர்த்தவர்கள் வந்த விலைக்கு விற்றார்கள், மீன் ஏலம் எடுத்தவர் வலையைச் சுருட்டிக்கொண்டு போனார், ஆயியம்மன் தெப்பத்தைக் கோயில் பின்புறத்துச் சிமெண்ட் தொட்டியில் ஓட்டினார்கள், முளைப்பாரி கரைக்க ஆறு மைல் தள்ளிப் போனார்கள், கல் எறிவது என்றால் என்னவென்று தெரியாத குழந்தைகள் எங்கள் ஊரில் வளரத் தொடங்கின. கரை ரோட்டில் வண்டிகள் ஹாரன் அடிப்பதில்லை. கணவனும் மனைவியும் சண்டை போட்டால்கூடக் குளத்துப் பக்கம் வரும்போது குரலைத் தணித்துக்கொண்டார்கள். "தொட்டில்ல கொழந்த தூங்குற ஊடு மாதிரி ஆயிப்போச்சு ஊரு" என்றார் குப்புராசு அண்ணன்.

தண்ணீரை அசைக்காமல் எடுக்கும் வழியைக் கண்டுபிடித்தது பெண்கள். கம்பெனியில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும் வெள்ளைக் கட்டிங் வேஸ்ட் துணியைக் கிழித்து, நீளமாக முடிந்து, திரிபோல் முறுக்கினார்கள். கரையோரம் குழி வெட்டி, குடத்தைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இறக்கி வைத்து, திரியின் ஒரு நுனியை, விபூதி வைக்கும் கவனத்தில், தண்ணீரின் மேல் தொட்டும் தொடாமலும் படுக்க வைத்து, மறு நுனியைக் குடத்துக்குள் விட்டார்கள். துணி தண்ணீரை இழுத்து, கரையைத் தாண்டி, சொட்டுச் சொட்டாக இறக்கியது. காலையில் வைத்தால் மதியத்துக்கு ஒரு குடம். படித்துறையில் நூறு வெள்ளைத் திரிகள் வரிசையாகக் கிடக்க, நூறு குடங்களுக்குள் ஒரே சமயத்தில் சொட்டும் சத்தம் கேட்டால், தூரத்தில் எங்கோ மெல்ல மழை பெய்வதுபோல் இருக்கும். அந்தத் தண்ணீருக்கு ருசியே கிடையாது. எங்கள் ஊரில் இருபது வருடங்களாக ருசியில்லாத தண்ணீரை யாரும் குடித்ததில்லை, எல்லோரும் அதையே குடித்தோம்.

அம்மாவுக்கு ஐந்து வருடமாகக் கை நடுக்கம். கம்பெனியில் செக்கிங்கில் இருந்தாள். நூல் பிசிறை வெட்டப் போய்த் துணியை வெட்டிவிடுகிறாள் என்று நிறுத்திவிட்டார்கள். டம்ளரைப் பிடித்தால் பாதி சேலையில் இருக்கும், அதனால் விருந்து வீடுகளுக்குப் போவதை விட்டிருந்தாள். திரித் தண்ணீர் குடிக்க ஆரம்பித்த நாற்பதாவது நாள், வாசற்படியில் உட்கார்ந்து, ஒரே தடவையில் ஊசியில் நூலைக் கோத்தாள். கோத்ததை என்னிடம் காட்டவில்லை. அவிழ்த்து மறுபடி கோத்தாள். அன்று சாயங்காலம் வரை அதையே செய்துகொண்டிருந்தாள்.

நான் பி.எஸ்ஸி. வேதியியல் படித்தேன். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள். தண்ணீர் பரிசோதிக்கும் ஓர் அலுவலகத்தில் ஒப்பந்த வேலை; மாதத்தின் முதல் திங்கட்கிழமை பதினோரு குளங்களுக்குப் போய்ப் பாட்டிலில் தண்ணீர் எடுத்து வந்து, என்ன இருக்கிறது என்று பார்த்துப் படிவத்தில் எழுத வேண்டும். ஒவ்வொரு எண்ணையும் மூன்று முறை சரிபார்ப்பேன். யாராவது ஒருநாள் வந்து, இந்தப் பட்டம் உனக்குத் தவறுதலாகக் கொடுத்துவிட்டோம் அம்மா, திருப்பிக் கொடு என்று கேட்பார்கள் என்ற பயம் எனக்கு அப்போதும் உண்டு, இப்போதும் உண்டு.

ஆயிக்குளத்தில் மட்டும் நான் கையை விட்டுப் பாட்டிலை அமுக்கவில்லை. முதல் இரண்டு மாதம் மேலாக மொண்டேன்; பிறகு, ஊர் எப்படி எடுத்ததோ அப்படியே, திரி போட்டு எடுத்தேன். படிவத்தில் 'மேல்மட்டத் தண்ணீர்' என்று எழுதினேன், அது உண்மைதான். குரோமியம், ஈயம், துத்தநாகம் எல்லாம் அளவுக்குள். ஒரு மாதம் அல்ல, எட்டு மாதம். எட்டுப் படிவத்திலும் பிருந்தா என்று என் கையெழுத்து இருக்கிறது.

சித்திரை பிறந்ததும் என் கூடப் பிறந்த அம்சவேணி அக்கா போன் செய்தாள். அவள் வாழ்க்கைப்பட்ட கீழ்க்காடு, எங்கள் குளத்து மதகிலிருந்து போகும் வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. இரண்டு வருடமாக அந்த வாய்க்காலில் தண்ணீர் விடவில்லை. மாமா பிந்தி நட்ட மஞ்சள் காடு காய்ந்துகொண்டிருந்தது, வீட்டுக் கிணற்றில் வாளி தரையைத் தட்டியது, அவளும் இரண்டு பெண் குழந்தைகளும் அந்தக் கிணற்றைத்தான் நம்பியிருந்தார்கள்.

"அம்மணி, வர்ற வெள்ளிக்கெழம மதகு தொறக்குறாங்களாமா. பதினஞ்சு நாள் தண்ணி. கூட்டத்துல ஆபீசர் ஒரு காகிதத்தப் படிச்சாரு, எட்டு மாசமா தண்ணி சுத்தம்னு. அடியில உன்ற பேரு."

"என் பேரா?"

"பின்ன? பக்கத்துல உக்காந்திருந்தவிய கிட்ட எல்லாம் சொன்னேன், அது என்ற தங்கச்சீன்னு. ஒருத்தி நம்பல. போட்டோ காட்டுனேன்."

அவள் சிரித்துக்கொண்டே வைத்தாள். அக்கா எட்டாவதோடு நின்று கம்பெனிக்குப் போனதால்தான் நான் கல்லூரிக்குப் போனேன்.

மதியம் சாப்பிட உட்கார்ந்தேன். அம்மா ரசச் சட்டியைக் கொண்டு வந்து வைத்து, கரண்டியை மேலாக விட்டு, அடியைத் தொடாமல் தெளிவாக மொண்டு என் சோற்றில் ஊற்றினாள். நடுக்கம் நின்றதிலிருந்து அவளுக்கு இதில் ஒரு பெருமை உண்டு. அடியில் பருப்பும் மிளகுமாக மண்டி அசையாமல் கிடந்தது. அக்கா இருந்தால் கலக்கி ஊற்றச் சொல்லுவாள், அவளுக்கு மண்டிதான் பிடிக்கும். நான் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு மாதமாக நான் எழுதியது தெளிவின் கணக்கு. வெள்ளிக்கிழமை போகப்போவது மண்டி.

இதை நான் படித்திருந்தேன், அதுதான் எனக்கு ஆறவில்லை. சாயத்திலிருந்து இறங்கியது எல்லாம் தண்ணீரில் இருப்பதில்லை. சேற்றுத் துகளோடு ஒட்டிக்கொண்டு, துகளுக்கும் துகளுக்கும் இடையிலிருக்கிற துளித் தண்ணீரில் ஒளிந்துகொண்டு, அடியில் கிடக்கிறது. தண்ணீர் நிற்கும்வரை அங்கேயே இருக்கும். தண்ணீர் ஓட ஆரம்பித்தால் முதலில் மேல்சேறு எழும்பும், இடுக்கில் இருந்தது வெளியே வரும், காற்றுப் பட்டதும் ஒட்டியிருந்தது பிடி விடும். கொஞ்ச தூரம் போய் மறுபடி படியும், அடுத்த முறை தண்ணீர் வரும்போது அங்கிருந்து மறுபடி எழும்பும். பட்டறையை மூடி ஒன்பது வருடம் ஆனது அதற்குத் தெரியாது. மதகைத் திறந்தால் அப்பா திறந்துவிட்ட நீலம் அக்காவின் கிணற்றுக்குப் போகும்.

ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். எருமை செத்த அன்றே தெரியும். என் படிவத்துக்கு மட்டும் தெரியாது.

மறுநாள் ஜெசிந்தா மேடத்திடம் சொன்னேன். அவர்தான் எங்கள் ஆய்வக அதிகாரி. ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தது. மேசையில் எப்போதும் ஒரு டப்பாவில் நெல்லிக்காய் வைத்திருப்பார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு நான் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"எருமையை நான் எந்தக் கட்டத்துல எழுதுறது பிருந்தா?"

"ஓடுற தண்ணிய எடுத்துப் பார்க்காம சொன்னது தப்புங்க மேடம். நான் எடுத்த முறையே தப்பு."

"குளத்துல ஓடுற தண்ணி ஏது? அதுதான் நின்னு போச்சே." கொஞ்ச நேரம் நெல்லிக்காய் டப்பாவையே திருப்பிக்கொண்டிருந்தார். "எனக்கு எண் வேணும். கலங்கின தண்ணியில இவ்வளவு இருக்குன்னு எண் கொடு, நானே மேலே போய் நிக்கிறேன். எண் இல்லாம நீ அழுதா அது மனு. மனுவுக்கு வேற ஆபீஸ்."

எண் வேண்டுமென்றால் குளத்தைக் கலக்க வேண்டும். ஊரே எட்டு மாதமாகக் காலை மெல்ல மெல்ல எடுத்து வைத்து நடந்த குளத்தை. கொஞ்சம் கலக்கினால் போதாது. எருமை புரண்டதுபோல ஓரிடத்தில் கலக்கினால் ஓரிடத்துக் கணக்குதான் வரும். பழைய வாய்க்கால் சேர்த்த சேற்றுத் திட்டிலேயே இறங்கி, மதகு திறந்தால் எப்படி இழுக்குமோ அப்படி இழுக்க வேண்டும். அதற்குப் பிறகு குளம் மறுபடி நிற்குமா என்று எனக்குத் தெரியாது. நிற்காவிட்டால் திரித் தண்ணீர் இல்லை. திரித் தண்ணீர் இல்லாவிட்டால் அம்மாவின் கை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா என் பழைய சுடிதாருக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தண்ணி நேரா உங்கக்கா ஊட்டுக்குத்தானே போகுது?"

"அவ ஊட்டுக்கும். வாய்க்கால் ஓரத்துல இருக்கிற எல்லாக் கெணத்துக்கும்."

"புள்ளைங்க அதத்தான் குடிக்கும்."

"ஆமா."

அவள் தையலை முடித்து, நூலைப் பல்லில் கடித்து அறுத்தாள். ஊசியில் மிச்சமிருந்த நூலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து போய், வாசலில் துணி காயப் போடும் கொடிக்கு முட்டுக் கொடுத்திருந்த மூங்கில் தடியை உருவினாள், ஈரத் துணிகள் தரையில் சரிந்தன. அது அப்பாவின் தடி. பெரிய பட்டறைக்குப் போகும் முன் கைத்தொட்டியில் நூல் சாயம் போட்ட காலத்தில் அவர் கலக்கிய தடி, ஒரு முனையில் எத்தனையோ நிறம் ஏறி ஏறி, கடைசியில் கரி நிறமாகத் தெரியும்.

"உனக்குக் கலக்கத் தெரியாது. கையில வலு இருக்கோணும். ஒரே பக்கமா இழுக்கோணும், இல்லீன்னா திட்டுத்திட்டா வரும்" என்றாள். "புதங்கெழம காலைல போலாம். செவ்வாயில வேண்டாம்."

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு நாங்கள் படித்துறைக்குப் போனபோது நூறு திரிகளும் போட்டிருந்தார்கள். ஊருக்குச் சொல்லிவிட்டுத்தான் போனோம். அம்மா முந்தின நாளே வீதி வீதியாகப் போய்ச் சொல்லியிருந்தாள், குடத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று. யாரும் எடுக்கவில்லை. கரையில் நின்றிருந்தார்கள். தடுக்கவும் இல்லை. சரசக்கா மட்டும் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வந்து முன்னால் நின்றார்.

"உனக்குப் பாட்டல்ல தண்ணி வேணும்னா நாங்க திரி போட்டுக் குடுக்க மாட்டமா அம்மணி? எட்டு மாசமாத் தூங்குறது. ஏன் எழுப்புற?"

அம்மா சொன்னாள். "அம்சா ஊட்டுக் கெணத்துக்குப் போகுது, சரசு."

"தெரியும்" என்றார் சரசக்கா. பிறகு தன் குடத்தின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"எருமை செத்தன்னிக்கே எல்லாருக்கும் தெரியும்" என்றார் பின்னாலிருந்து குப்புராசு அண்ணன். "தெரிஞ்சதுனாலதான் இத்தன மெதுவா நடந்தோம்."

அம்மா சேலையைச் செருகிக்கொண்டு வாய்க்கால் திட்டில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள். முழங்கை வரை கையுறை போட்டுக்கொள்ளச் சொன்னேன். உங்கப்பா போட்டாரா என்று கேட்டாள். தடியை அடி வரைக்கும் ஊன்றி, மதகு இருக்கும் பக்கமாக, கொஞ்சமும் நடுங்காத கையால், ஒரே இழுப்பாக இழுத்தாள். மேலே இருந்த சாம்பல் நிறச் சேறு முதலில் எழுந்தது. இரண்டாவது இழுப்பில் கறுப்பு. பிறகு ஆரஞ்சு, பிறகு மெரூன். கரையில் நின்றவர்கள் அவரவர் வருடம் எழுந்து வரும்போது லேசாக முனகினார்கள், அவ்வளவுதான். நான் கரையோரமாகவே மதகுப் பக்கம் நகர்ந்து நகர்ந்து, கலங்கி ஓடி வந்த தண்ணீரை ஒவ்வொரு பாட்டிலாக அமுக்கி எடுத்தேன். ஏழாவது பாட்டிலில் நீலம் வந்தது.

அம்மா அப்போது தடியை நிறுத்தினாள். நீலம் அவளைச் சுற்றி எழுந்து, இடுப்பைச் சுற்றி, சேலையில் ஏறி, முழங்கை வரை ஏறியது. அவள் தன் கைகளைத் தூக்கிப் பார்த்தாள். அப்பா சோற்றுக்கு உட்காரும்போது இருந்த கைகள். எத்தனை நேரம் அப்படி நின்றாள் என்று நான் பார்க்கவில்லை, நான் பாட்டிலுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது நீலம் கரைந்து, மதகைப் பார்த்துத் தானாகவே போய்க்கொண்டிருந்தது.

"போதுமா?" என்று கேட்டாள்.

போதும் என்றேன்.

குளம் மறுபடி நிற்கவில்லை. அவள் இழுத்த இழுப்பு மதகுக் கரையில் மோதித் திரும்பி, எதிர்க்கரைக்குப் போய்த் திரும்பி, மதியத்துக்குள் காற்றோடு சேர்ந்துகொண்டது. சாயங்காலம் சின்ன அலைகள் படித்துறையைத் தொட்டன. நூறு திரிகளும் நூறு நிறத்தில் ஊறிக் கிடந்தன; குடங்களில் சொட்டியதும் அந்த நிறத்தில்தான் சொட்டியது. பெண்கள் குடங்களைக் கவிழ்த்துவிட்டு, திரிகளைச் சுருட்டி வேலிமேல் எறிந்துவிட்டுப் போனார்கள். ஒருவரும் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

எண் வந்தது. மூன்று முறை பார்த்தேன், பிறகு நான்காவது முறையும். அளவைவிட எத்தனையோ மடங்கு. ஜெசிந்தா மேடம் சொன்னபடியே மேலே போய் நின்றார். வியாழக்கிழமை மாலை மதகுக்குப் பூட்டுப் போட்டு முத்திரை வைத்தார்கள். பழைய எட்டுப் படிவங்களுக்கும், தண்ணீர் எடுத்த முறை தவறு, அந்த எண்களை நம்ப வேண்டாம் என்று என் கைப்பட எட்டுக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டார். "இதை யாரும் படிக்க மாட்டாங்க" என்றார். "ஆனா இருக்கட்டும்." எனக்கு ஒரு நெல்லிக்காய் கொடுத்தார்.

இப்போது ஊருக்கு வாரம் இரண்டு நாள் லாரியில் தண்ணீர் வருகிறது. குளம் காற்றடிக்கும் நேரங்களில் நிறம் மாறுகிறது. வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன, குழந்தைகள் கல் எறியக் கற்றுக்கொண்டுவிட்டன. வேனில் போகிற பெண்கள் குளத்தின் பக்கம் பார்ப்பதில்லை. என்னோடு சரசக்கா பேசுகிறார், ஆனால் கேட்டதற்கு மட்டும்.

வைகாசியில் அக்கா போன் செய்தாள். மாமா மஞ்சளைப் பிடுங்கிவிட்டதாகச் சொன்னாள். கிழங்கு விரல் அளவுகூட இறங்கவில்லையாம். கிணற்றுக்குள் ஆள் இறங்கித் தகர டப்பாவில் மொள்ளுகிறார்களாம். நான் விளக்கமாகச் சொன்னேன், சேறு, துகள், பிடி விடுவது, குழந்தைகள் என்று நான் படித்த எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"இங்க யாருக்கும் அது தெரியாது அம்மணி. தண்ணி வரும்னாங்க, வரல. அவ்வளவுதான் தெரியும்" என்றாள். பிறகு, "அது என்ற தங்கச்சீன்னு எல்லாருகிட்டயும் சொன்னேன் பாரு" என்றாள். வைத்துவிட்டாள்.

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அம்மா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். தட்டை வைத்துச் சோறு போட்டாள், ரசச் சட்டியைக் கொண்டு வந்தாள். குளம் எழுந்த இருபதாம் நாளே நடுக்கம் திரும்பியிருந்தது, இந்த முறை முழங்கை வரை. கரண்டியை மேலாகத்தான் விட்டாள். கரண்டி சட்டியின் பக்கத்தில் தட்டி, அடியில் இடித்து, ரசம் முழுக்கக் கலங்கி மேலே வந்தது. அவள் கரண்டியை எடுத்து, தெளியட்டும் என்று காத்திருந்தாள். சட்டியைப் பிடித்திருந்த இடது கையும் ஆடியதால் அது தெளியவே இல்லை.

"கை ஆடுது. எல்லாஞ் சேந்துதான் வருது" என்றாள், என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோல.

அக்காவுக்குப் பிடித்தது மண்டிதான். நான் தட்டை நீட்டினேன்.